கை நனைத்த இடம்

தட்டு மேஜையில் வந்து இறங்கியதுமே செண்பகவல்லிக்குத் தெரிந்துபோயிற்று, இது அசல் இல்லை என்று. சாம்பார்மேல் கொத்தமல்லி மிதந்தது. ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போடுகிற மத்தியச் சிறைச் சமையல்கட்டில் எந்த மகராசன் உட்கார்ந்து கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருப்பான்? அதுவும் சம்பந்தி பந்திக்குத் தூவுகிற மாதிரி, காம்பு இல்லாமல், இலை இலையாக. தட்டு எவர்சில்வர், பளபளவென்று, ஓரத்தில் விலை ஒட்டியிருந்த காகிதத்தின் பிசுக்கு இன்னும் போகவில்லை. அதன்மேல் வட்டமாக நறுக்கிய வாழையிலை. இலையில் ஆவி பறக்கும் சோறு, பீன்ஸ் பொரியல், அப்பளம், இரண்டாகப் பிளந்து வைத்த முட்டை. முட்டையின் மஞ்சள் கரு அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துருக்கித் துண்டு போட்டிருந்தது. அமைச்சரானதிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டு வந்துவிடுகிறது, யாரோ குளித்துவிட்டுக் காயப்போட்ட இடத்தில் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி. எதிரே சமையல்கட்டு முற்றத்தில் வெள்ளைச் சட்டைகள் வரிசை வரிசையாகத் தரையில் சம்மணமிட்டிருந்தன. ஆளுக்கொரு அலுமினியத் தட்டு, காலித் தட்டு, மடியில். ருசி பார்க்க வந்தவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மற்ற யாருக்கும் பரிமாறக் கூடாது, அது ஜெயில் வழக்கம். கலெக்டர் வந்தாலும் அதுதான், ஜட்ஜ் வந்தாலும் அதுதான். ஆக, சட்டம் மற்றும் சிறைத்துறை அமைச்சர் மாண்புமிகு செண்பகவல்லி அம்மாள் வாயை அசைத்தால்தான் ஆயிரம் வாய் அசையும். ஆயிரம் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாப்பிடுங்கம்மா, ஆறிடப் போகுது" என்றார் சிறைக் கண்காணிப்பாளர் ஞானதுரை. பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் தகப்பனார் பஜ்ஜியை நகர்த்துவாரே, அந்தக் குரல்.

இதே ஞானதுரை. அவள் வக்கீலாக வந்துபோன காலத்தில் துணை ஜெயிலர், தொப்பை கிடையாது, குரலும் இது கிடையாது. "ஏம்மா வக்கீலு, அங்கனயே நில்லுங்க, உள்ள ரோல்கால் நடக்குல்லா" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி. அவள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, கைதியைப் பார்ப்பதற்கான மனுவை வைத்துக்கொண்டு, மனுப் பார்க்க வந்த மற்ற பெண்களோடு பெண்ணாக. ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய கேட்டில் வெட்டிய சின்னக் கதவு திறக்கும். தலையைக் குனிந்து, காலைத் தூக்கி வைத்து, பொந்துக்குள் எலி மாதிரி நுழைய வேண்டும். எத்தனை வருஷம் அப்படி நுழைந்திருப்பாள்! காலையில் கார் வந்து நின்றபோது பெரிய கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள், லாரியே போகலாம், யானை மேல் மாப்பிள்ளை போகலாம். ஆனால் அவள் என்ன செய்தாள்? கேட்டுக்கு நேரே வந்ததும் பழக்க தோஷத்தில் தலையை நன்றாகக் குனிந்து, காலை உயரத் தூக்கி வைத்து நுழைந்தாள். பின்னால் வந்த உதவியாளர் வைரமணி, அம்மா ஏதோ வணங்குகிறார்கள் என்று நினைத்து அவரும் குனிந்தார். அவருக்குப் பின்னால் வருவாய்க் கோட்டாட்சியர் குனிந்தார். கட்சி மாவட்டச் செயலாளர் குனிந்து, தரையைத் தொட்டு, கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். காமிராக்கள் சடசடவென்றன. நாளைக்குப் பேப்பரில் 'சிறை வாசலை வணங்கி நுழைந்த அமைச்சர்' என்று போடுவார்கள். லூர்து அதை வெட்டி எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மாதம் சிரிப்பான். மனித உரிமை அமைப்பில் அவளோடு இருபது வருஷம் போராட்டத் தட்டி பிடித்து நின்றவன், பதவியேற்ற அன்று போனில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். "என்ன தோழர், உங்க காருக்கு வழிவிட நாங்க ஒதுங்கணுமா, இல்ல படுக்கணுமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் வாய் கொஞ்ச நேரம் சிரித்த நிலையிலேயே இருந்தது, மூட மறந்த அலமாரி மாதிரி.

"தவசி, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்து" என்றார் ஞானதுரை. அப்போதுதான் அவள் பரிமாறுகிறவனைப் பார்த்தாள். தவசி. இருபது பேர் இருக்கிற சமையல் படையில் இவனையா கரண்டியோடு என் முன்னால் நிறுத்த வேண்டும்? ஒல்லி. முப்பது வயது இருக்கும். கழுத்தெலும்பு இரண்டும் சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தன. அவன் சின்னப் பாத்திரத்திலிருந்து ஊற்றினான். சின்னப் பாத்திரம் தனியாக ஒரு முக்காலியின்மேல், மூடி போட்டு, செல்லப் பிள்ளை மாதிரி. பெரிய அண்டா அதற்குப் பின்னால் அடுப்போடு அடுப்பாக, ஆள் இறங்கிக் குளிக்கிற அளவில். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காதே, பார்க்காதே என்று அவளும் மனதுக்குள் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் மனுக்கொடுக்கிற கூட்டம் கலைந்த பிறகு, செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி நின்ற அந்தப் பெண் ராசகனி, இவன் பெண்டாட்டி. மனு கிடையாது, காகிதம் கிடையாது. தூணோடு ஒட்டி நின்று, மூச்சிலேயே பேசினாள். "அம்மா, நீங்க ஜெயிலுக்கு வாரியளாம்லா. நீங்க வார அன்னைக்குத்தான் முட்ட. மத்த நாளு கொழம்புல பருப்பத் தேடணுமாம், கண்டா மணியடிக்கணுமாம். எங்க வீட்டுக்காரரு சமையல்லதான் நிக்காவ, அவியதான் சொன்னாவ. ஆனா அவிய சொன்னாவன்னு சொல்லிராதிய அம்மா. கேஸே இன்னும் நடக்கல. அங்க உள்ள வச்சி என்னமும் பண்ணிருவாவ." சொல்லிவிட்டு அவள் செருப்பு மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிராதிய, சொல்லிராதிய. நாலு நாளாக அந்த மூச்சு அவள் காதுக்குள் ஒரு குருவி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, யாராவது சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் உடனே சிறகை அடிக்கும்.

கை இன்னும் மடியில்தான் இருந்தது. கையைத் தட்டில் வைத்துவிட்டால் முடிந்தது. அப்பா ஒருதரம் சொத்துத் தகராறு பேச சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, நல்ல வெயில், கூடப் போன அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சித்தி மோர் கொண்டுவந்து வைத்தாள், டம்ளரின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. அப்பா டம்ளரைப் பார்க்கவேயில்லை. "பேச வந்த வீட்டுல கை நனைச்சா பேச வாய் வராது" என்றார் திரும்பி வரும்போது பஸ்ஸில். அவளுக்கு அந்த மோர்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, மேலே மிதந்த சின்ன வெண்ணெய்த் துணுக்கு, அது டம்ளரின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் எப்போது கை நனைத்தேன்? தேர்தலில் நிற்கச் சொன்னபோதா? ஜெயித்தபோதா? ஜெயித்துப் போய் முதல் அமைச்சரவைக் கூட்டத்தில் பழைய பழக்கத்தில், "இந்த அரசு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்" என்று மேஜையைத் தட்டிவிட்டாள். அறை முழுக்கச் சிரிப்பு. முதல்வர் சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக, "செண்பகம், அந்த அரசு இப்ப நாமதான்" என்றார். நாம. கோர்ட்டில் எதிர்த்தரப்பு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே காலம் போனவளுக்கு, இப்போது போகிற இடமெல்லாம் அந்த நாற்காலி காத்துக்கிடக்கிறது, முதுகில் துண்டோடு. அன்று மதியமே கூட்டத்தில் பிஸ்கெட்டும் முந்திரியும் வந்தன. முந்திரி எடுத்தாள். உப்பு முந்திரி. நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கை நனைய வேண்டியதுகூட இல்லை.

இந்தத் தட்டைப் பற்றி அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே பேச்சிமுத்துதான். வக்கீலாக அவள் கேஸ் நடத்திக்கொடுத்த கட்சிக்காரன், இதே மாதிரி ஒரு ஜெயிலில் கிடந்தவன். ஊரில் இருக்கிற அத்தனை அதிகாரி குரலும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தது. மனுப் பார்க்கிற அறையில் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு ஜெயிலர் மாதிரி கனைப்பான், டாக்டர் மாதிரி நாக்கை நீட்டச் சொல்வான், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஜட்ஜ் மாதிரி ஒரு பருக்கையை நுனிவிரலில் எடுத்து வாயில் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, "ம்ம்... பரவாயில்லையே, எங்கள் வீட்டில்கூட இப்படி இல்லை" என்பான். பக்கத்தில் நிற்கிற காவலரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பிறகு நினைவு வந்து அதட்டுவார். "யம்மா, கொத்தமல்லி கெடந்தா அது கவுர்மெண்டுத் தட்டு. எங்க கொழம்புல இலையே கெடக்காது, கெடந்தா அது மரத்துலருந்து விழுந்தது." ஆனால் ஒருநாள் அவன் மிமிக்ரி செய்யாமல், சொந்தக் குரலிலேயே, வந்திருந்த நீதிபதியின் முன்னால் எழுந்து நின்று, "ஐயா, நீங்க திங்கிறது எங்க சோறு இல்ல" என்று சொல்லிவிட்டான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவளுக்கே மறுநாள்தான் தெரியும். பேப்பரில் வந்தது, ஹைகோர்ட்டு தானாக எடுத்தது, அவள் வாதாடினாள், உத்தரவு வந்தது, அவள் பெயர் நாலு ஊருக்குத் தெரிந்தது. பேச்சிமுத்துவை நிர்வாகக் காரணங்களுக்காக மாநிலத்தின் மறுகோடியிலுள்ள ஜெயிலுக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணங்கள் அவனுடைய இடது காதில் விழுந்திருந்தன. இப்போது வெளியே வந்து பஞ்சர் ஒட்டுகிறான், நன்றாக இருக்கிறான். "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? நாந்தான சொன்னேன், நீங்களா சொல்லச் சொன்னிய? ஒரு காது போச்சி. பொண்டாட்டி ஏசுனா பாதிதான் கேக்கு. லாபம்தான வக்கீலம்மா?" என்று அவளையே சமாதானம் செய்கிறான். அவன் சமாதானம் ஆகிவிட்டான். அவளுக்குத்தான் கொத்தமல்லியைப் பார்த்தால் இடது காதுப் பக்கம் குறுகுறுக்கிறது.

"மேடம், டைம்" என்று முதுகுத் துண்டுக்குப் பின்னாலிருந்து வைரமணி கிசுகிசுத்தார். மூக்கடைத்த குரல். அவர் சொன்னால் எல்லாமே ரகசியம் போலிருக்கும், 'டீ வந்திருக்கு' என்பதுகூட. "அடுத்து பாலம் திறப்பு மேடம். ரெண்டு வாய் சாப்பிட்டு, சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டாப் போதும், போட்டோ எடுத்துருவாங்க." ரெண்டு வாய். சுலபம்தான். ஒன்று, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, இது இவர்கள் சாப்பிடுகிற சோறில்லை என்று சொல்வது. வக்கீல் செண்பகவல்லியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். காமிரா இருக்கிறது. சாயங்காலம் எல்லாச் சானலிலும் ஓடும். 'அமைச்சர் அதிரடி.' அவள் கார் கேட்டைத் தாண்டியதும் உள்ளே ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருக்கும். ஆண்டாண்டாக அவள் பார்த்த கேள்வி. எந்த லாக்கப்பிலும் எந்த ஜெயிலிலும் யாரும் 'இது உண்மையா' என்று கேட்பதேயில்லை. 'யார் சொன்னது' என்றுதான் கேட்பார்கள். சமையல்கட்டு விஷயம் சமையல்காரனைத் தவிர யார் சொல்லியிருக்க முடியும்? வரிசையாக இருபது பேரை நிறுத்துவார்கள். ராசகனி போன வெள்ளிக்கிழமை எங்கே போயிருந்தாள் என்பது வெளிவர எவ்வளவு நேரமாகும்? சரி, ஞானதுரையை மாற்றிவிட்டால்? ஒரு கையெழுத்து. ஆனால் வருகிறவரும் வந்ததும் முதல் வேலையாக, போனவர் ஏன் போனார், யார் சொல்லிப் போனார் என்றுதான் விசாரிப்பார். சரி, சாப்பிட்டுவிட்டுப் போய் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை விட்டால்? சுற்றறிக்கை. அவளே ஒரு காலத்தில் அத்தகைய சுற்றறிக்கைகளை ஒரு கத்தை நீதிபதியிடம் தூக்கிக் காட்டி, "கனம் கோர்ட்டார் அவர்களே, இதை ஊறவைத்துக் குழம்பு வைத்திருந்தால்கூடக் கைதிகளுக்குக் கொஞ்சம் சத்து கிடைத்திருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியவள். சரி, சும்மா சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனால்? தவசி பத்திரம். ராசகனி பத்திரம். பருப்பு மட்டும் தேட வேண்டியிருக்கும். அப்படிப் போனால் அந்தக் குருவி காதிலிருந்து பறந்துவிடுமா? மறுபடியும் தட்டைத் தள்ளு, மறுபடியும் யார் சொன்னது, மறுபடியும் ஞானதுரை, மறுபடியும் சுற்றறிக்கை. யோசனை செக்கு மாடாகச் சுற்றிச் சுற்றி அந்த இடத்திலேயே வந்து முட்டிக்கொண்டது. யார் சொன்னது. யார் சொன்னது. மேலே மின்விசிறி, இறக்கையில் ஏதோ இடிக்க, அதே தாளத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் யாரோ இருமினார்கள். ஒரு அலுமினியத் தட்டு இன்னொன்றோடு உரசி, க்ரீச்.

ஞானதுரை நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்தார். பன்னீர்ப்புகையிலை வாசனை. "என்னம்மா யோசிக்கிறீங்க? ஏதும் கம்ப்ளெய்ன்ட் வந்துச்சா?" குரல் தாழ்ந்தது, தாழ்ந்து இனித்தது. "வந்தா மறைக்காமச் சொல்லுங்க. பேரை மட்டும் சொல்லுங்க, போதும். நான் கவனிச்சுக்கிறேன்." கவனிச்சுக்கிறேன். என்ன பாசம்! தவசியின் கையிலிருந்த கரண்டி சின்னப் பாத்திரத்தின் விளிம்பில் ஒருமுறை 'டிங்' என்று பட்டது. அவன் அதை நிறுத்திப் பிடித்தான். அவளுக்குள், ஆச்சரியமாக, ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. கோர்ட்டில் அப்படித்தான் ஆகும். கூண்டில் நிற்கிற இன்ஸ்பெக்டர், பாளையம்பட்டிக் கேசா, வேறு கேசா, நினைவில்லை, மீசை மட்டும் நினைவிருக்கிறது, "அந்த நபர் ஸ்டேஷனில் மிகவும் சந்தோஷமாக இருந்தார்" என்றார். சின்ன வக்கீலாக இருந்தால் துள்ளி எழுந்து பொய் பொய் என்று கத்தியிருப்பாள். அவள் கத்தவில்லை. "அப்படியா? ரொம்பச் சந்தோஷமாவா? சாப்பிட்டாரா? பாடினாரா? நீங்களும் கூடப் பாடினீங்களா?" என்று கூடவே நடந்தாள். அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா தட்டச்சு அடித்துக்கொண்டே போனார். முடிவில் அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் இன்ஸ்பெக்டரே கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்கிறவனை மறுக்காதே, அவனை நம்பு, முழுக்க நம்பு, எல்லார் முன்னாலும் நம்பு. அட. யார் சொன்னது என்பதுதானே சிக்கல்? அப்படியானால் ஞானதுரையே சொல்லட்டுமே!

அவள் இடது கையால் துண்டை முதுகிலிருந்து இழுத்து நாற்காலிக் கையில் போட்டுவிட்டு, வலது கையைச் சோற்றில் வைத்தாள். சுட்டது. பிசைந்தாள். நெய் வாசம் குப்பென்று ஏறியது, அடப்பாவிகளா, நெய்யும் விட்டிருக்கிறார்கள். ஒரு வாய் வைத்தாள். காமிரா பளிச். இன்னொரு வாய். முட்டையில் மிளகுத்தூள். "ரொம்ப நல்லாருக்கே சூப்பிரண்ட் சார்" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். ஞானதுரையின் தோள்பட்டை இரண்டு அங்குலம் இறங்கிற்று. "எல்லாருக்கும் இதேதானா?" "இதேதாம்மா." "முட்டையோடயா?" "முட்டையோடதாம்மா, நம்ம ஆட்சியில பின்ன எப்படி?" "நெய்?" அவர் வைரமணியைப் பார்த்தார். மாவட்டச் செயலாளரைப் பார்த்தார். "லேசா... ஒரு வாசனைக்கு விடுறதும்மா." "தினமுமா?" "தினமும்." இந்தாள் ஏறிக்கொண்டே போகிறாரே, போகட்டும், இன்னும் ரெண்டு படி ஏறட்டும். அவள் அப்பளத்தை உடைத்தாள், சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. "எனக்கு ரொம்பச் சந்தோஷம் சார். வெளிய யார் யாரோ என்னென்னமோ எழுதுறாங்க. நான் பேசுறதுக்குன்னு அங்க மைக் வச்சிருக்கீங்கல்ல? நான் பேசுறதை விட நீங்க பேசுறதுதான் மரியாதை. இப்ப எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அதை அப்படியே அவங்களுக்கு ஒரு தடவை சொல்லிருங்க. பத்திரிகைக்காரங்களும் இருக்காங்க." "நா... நானாம்மா?" "நீங்கதானே சார் போடுறீங்க? நானா பொங்கினேன்?"

மைக் முற்றத்து ஓரத்தில், ரிப்பன் கட்டி நின்றது. ஞானதுரை அதை நோக்கி நடந்த நடை, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்குப் போகிற நடை. மைக்கைத் தட்டினார், பொட் பொட். "இல்லவாசிகளுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தார், கைதிகளுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. மைக் கிடைத்ததும் குரல் தானாக ரேடியோச் செய்தி ஆகிவிட்டது. "மாண்புமிகு அமைச்சர் அம்மா அவர்கள் இன்றைய தினம் உண்டு மகிழ்ந்த இதே உணவு, சாம்பார், பொரியல், முட்டை, மற்றும்..." விழுங்கினார். "மற்றும் நெய்... உங்கள் அனைவருக்கும் தினந்தோறும் வழங்கப்பட்டு வருகிறது என்பதை, சிறை நிர்வாகத்தின் சார்பில் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்." முற்றத்தில் ஆயிரம் தலைகள் மைக்கிலிருந்து அவள் தட்டின் பக்கம் திரும்பின. வெயில், மடியில் காலித் தட்டுகள். செண்பகவல்லி பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் வைக்காமல், காத்திருந்தாள். பின்வரிசையில், எந்த வரிசை என்று பார்க்க முடியாத தூரத்திலிருந்து, ஒரு குரல் மிகுந்த பணிவோடு எழுந்தது. "ஐயா... அப்படின்னா இன்னைக்குமாய்யா?"

முதலில் ஒரு மூக்கிலிருந்து மட்டும் காற்று வந்தது. அப்புறம் இரண்டாவது வரிசை. பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது, ஆயிரம் பேர், தட்டுகள் மடியில் குதிக்க, கண்ணில் நீர் வரும்படி. கம்போடு நின்ற காவலர்கள் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டே சிரித்தார்கள். ஞானதுரை மைக்கைப் பிடித்தபடி திரும்பி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை, வழி தெரியாத ஊரில் பஸ் இறங்கியவன் முகம். பணம் போதாதும்மா, அரசாங்கம் ஒதுக்குறதுல இது முடியாதும்மா என்று அந்த முகம் சொல்லிற்று, அதுவும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும், அந்த அரசாங்கம் யார் என்றும் தெரியும். சரி, அதை நான் போய் அங்கே மேஜையில் தட்டுகிறேன், அவர்கள் சிரிக்கட்டும், மறுபடி தட்டுகிறேன். அவள் இருந்த இடத்திலிருந்தே, வீட்டுக்கு வந்தவரிடம் கேட்பது போல, "இன்னைக்கும்தானே சார்?" என்றாள். "இன்னைக்கும்... இன்னைக்குந்தாம்மா" என்று மைக் சொன்னது. "முட்டை வேகணும்ல? வேகட்டும். நான் இருக்கேன்." வைரமணி துண்டில்லாத நாற்காலிக்குப் பின்னாலிருந்து மூக்கை நுழைத்தார். "மேடம், பாலம்..." "பாலம் எங்கயும் நடந்து போயிறாது வைரமணி. ஆயிரம் முட்டை கிடைக்குமா இந்த ஊர்ல?" "கிடைக்கும் மேடம், ஆனா..." "அப்ப ஆளனுப்புங்க." ஞானதுரை மைக்கை விட்டுவிட்டு ஏற்கெனவே போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். "முட்டைடா, முட்டை! எல்லாம்தான், கடையில இருக்கிற எல்லாம்!" யார் சொன்னது என்று அவர் இனி யாரைக் கேட்பார்? சொன்னது அவர் குரல், கேட்டது ஆயிரம் காது.

நாளைக்கு? நாளைக்கு என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் சோறு ஒரு நாள் சோறுதான். வாரத்துக்கொருதரம் வர வேண்டியிருக்கும், சொல்லாமல் வர வேண்டியிருக்கும், நிதித்துறைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அவர் எப்படிப் பேசுவார் என்பது இப்போதே காதில் கேட்டது, வெற்றிலை போட்ட வாயோடு, "செண்பகம்மா, முட்டை நல்ல விஷயந்தான், ஆனா பாருங்க..." பார்த்துக்கொள்ளலாம். கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டாள். இலை காலியாகிவிட்டது. சோறு மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கிடந்தது. முற்றத்தில் பேச்சுச் சத்தம் கிளம்பியிருந்தது, கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் சத்தம். பக்கத்தில் நிழல் விழுந்தது. தவசி. "கொழம்பு ஊத்தட்டுமாம்மா?" பரிமாறுகிறவன் குரல்தான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் கையில் இருந்தது வேறு கரண்டி, நீளக் காம்பு, அண்டாவில் போடுகிறது, அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முக்காலியிலிருந்த சின்னப் பாத்திரம் மூடியபடியே இருந்தது. அவன் இப்போது அவளை நேராகப் பார்த்தான். அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். மஞ்சள் தண்ணீர் சோற்றின் மேல் விழுந்து, சோற்றில் நிற்காமல், இலையெல்லாம் ஓடி, விளிம்பில் போய்த் தேங்கியது. இத்தனை வருஷம் இதைப் பற்றி எழுதியிருக்கிறாள், பேசியிருக்கிறாள், மூன்று நீதிபதிகளுக்கு இதை வார்த்தையால் ஊட்டியிருக்கிறாள், வக்கீல்களை மனு அறைக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. உப்பில்லாமல் இருக்கும் என்றுதான் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தாள். உப்பு இருந்தது. உப்பு மட்டும் கைகொள்ளாத அளவுக்கு, பருப்பு இல்லாத இடத்தையெல்லாம் நிரப்புகிற அளவுக்கு இருந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்றான் தவசி. "இன்னொரு கரண்டி" என்றாள். அவன் ஊற்றினான். அவள் பிசைந்து, நிதானமாக, விரலில் ஒரு பருக்கை ஒட்டாமல் சாப்பிடத் தொடங்கினாள். முட்டை வர இன்னும் நேரமிருந்தது.